எதுக்கு, எத்தனை மணிக்கு?

மதுரையில் மார்க்கெட் எங்கே என்று வெளியூர்க்காரர் ஒருவர் விசாரித்தால் யாரும் உடனே கைகாட்ட மாட்டார்கள். "என்ன வாங்கணும்ணே?" என்று திருப்பிக் கேட்பார்கள். வெங்காயம் என்றால் கீழமாரட் வீதி. பழம் என்றால் யானைக்கல். மளிகை என்றால் கீழமாசி வீதி. பாத்திரம் என்றால் வெண்கலக்கடைத் தெரு. பூ என்றால் ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி, மாட்டுத்தாவணி. விசாரணை அதோடு முடியாது. "எத்தனை மணிக்குப் போறீங்க?" என்பது அடுத்த கேள்வி. நல்ல மொட்டு வாங்க மத்தியானம் கிளம்புகிறவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். கொத்து புரோட்டாவுக்குக் காலை ஏழு மணிக்கு வந்து நிற்பவரைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். பொருளும் நேரமும் சேர்ந்தால்தான் இந்த ஊரில் முகவரி.

ஸ்பெயினில் இதே கேள்விக்கு ஒரு விரல் போதும். வலேன்சியா நகரின் மத்தியச் சந்தை 1928இல் திறக்கப்பட்டது. இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுகளும் சேர்ந்த அரண்மனை அது. குவிமாடத்தின் கீழே ஆரஞ்சும் கூனி இறாலும் குங்குமப்பூவும் விற்கிறார்கள். பார்சலோனாவில் லா பொக்கேரியா. ரம்ப்லா சாலையை ஒட்டித் திறந்தவெளியில் நடந்துவந்த பழைய சந்தைக்கு 1914இல் உலோகக் கூரை போட்டார்கள். உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடைகள் மேலே தொங்க, கீழே ஆலிவ், பாலாடைக்கட்டி, ஐஸில் கிடத்திய மீன். மீன் வாங்கியவர் பக்கத்திலேயே உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, அதே கடலில் பிடித்த மீனைச் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். வாங்குவதும் தின்பதும் ஒரே கூரைக்குக் கீழே.

அந்தக் கூரைக்கும் வயதாகிறது. மத்ரித் நகரின் சான் மிகேல் சந்தை 1916ஆம் ஆண்டு இரும்புக் கட்டடம். வியாபாரம் நொடித்துப்போய், தனியார் கைக்கு மாறி 2009இல் மறுபடி திறந்தபோது அங்கே கத்தரிக்காய் வாங்கக் கூடையோடு வருபவர்களுக்கு அதிக வேலை இருக்கவில்லை. சின்னச் சின்னத் தட்டுகளில் தாப்பாஸ், கையில் ஒயின், சுற்றுலாக் கூட்டம். பொக்கேரியாவில் நெரிசல் தாங்காமல் 2015இல் பெரிய சுற்றுலாக் குழுக்கள் வாரக் கடைசியின் முக்கிய நேரங்களில் உள்ளே வரக் கூடாது என்று நகராட்சி தடை போட்டது. சமைக்க வாங்குபவர்கள் போய், படமெடுக்க வருபவர்கள் மிஞ்சினால் சந்தை என்னவாகும் என்பது அந்த ஊர்களின் இன்றைய கவலை. மதுரைக்கும் அந்தக் கவலை வந்துகொண்டிருக்கிறது, வேறு வழியாக.

மதுரையில் வாங்குவதையும் தின்பதையும் சேர்த்துக் கட்டியது கடிகாரம். எந்தச் சரக்கு எப்போது வந்து இறங்குகிறதோ அதைச் சுமப்பவர்களின் பசி அப்போது பிறக்கிறது. அந்தப் பசிக்கு எது தோதோ அது அந்த நேரத்துப் பலகாரமாகிறது. 'தூங்கா நகரம்' என்று ஊர்ப் பெருமையாகச் சொல்வதைக் கொஞ்சம் கீறிப் பார்த்தால் அடியில் இருப்பது மூட்டை தூக்கும் தோள்களும் மில் ஷிப்டுகளும்தான். இரவு இரண்டு மணிக்கு யாரும் ரசனைக்காக இட்லி அவிக்கத் தொடங்கியிருக்க மாட்டார்கள்.

இந்தக் கணக்கு பழையது. மாங்குடி மருதனார், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகள் கொண்டது. பத்துப்பாட்டில் அதுவே நீளமானது. நிலையாமையை எடுத்துச் சொல்ல வந்த பாட்டு. சொல்ல வந்த புலவர் கடைத்தெருவில் மாட்டிக்கொண்டார் என்றுதான் படிக்கும்போது தோன்றும். பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி என்று இரண்டு சந்தைகளைக் காட்டுகிறார். கொடிகள், பூ விற்பவர்கள், வெற்றிலை பாக்கு, சங்கு சுட்ட சுண்ணாம்பு, பலாவும் மாவும், கறியோடு சமைத்த சோறு என்று வரிசை நீள்கிறது. பிறகு இரவை யாமம் யாமமாகப் பிரித்துக்கொண்டு ஊருக்குள் நடக்கிறார். இரண்டாம் யாமத்தில் சங்கின் ஓசை அடங்கிவிட்டது, கடைகளைச் சாத்திவிட்டார்கள், அடையும் மோதகமும் வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருக்கும் பலகாரக்காரர்கள் அப்படியே சாய்ந்து தூங்கிப்போகிறார்கள்.

தூங்கா நகரத்து இரவுக் கடைக்காரரைப் பற்றிய முதல் பதிவில் அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றிய பிறகு மதுரையைப் பற்றி எழுதியவர்களும் பேசியவர்களும் அல்லங்காடியை எடுத்துக்கொண்ட அளவுக்கு அந்தத் தூக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. விற்றுத் தீராத மோதகம் பக்கத்தில் இருக்கக் கண் செருகும் ஒரு மனிதரைக் கவனித்த புலவருக்குக் கடைத்தெருவின் உழைப்பு தெரிந்திருக்கிறது. சிலப்பதிகாரத்திலும் கோவலன் மதுரைக்குள் நுழைந்ததும் கடைத்தெருக்களைத்தான் சுற்றிப் பார்க்கிறான். ரத்தினக் கடை, பொற்கடை, துணிக்கடை, தராசும் படியுமாய்த் திரியும் தானியக் கடை. வாங்க வந்தவனாக இல்லை, விற்க வந்தவனாக. மறுநாள் சிலம்போடு அவன் திரும்பி வந்தது அதே கடைத்தெருவுக்கு.

இன்றைய கடைத்தெருவின் வரைபடத்தைப் போட்டது நாயக்கர்களும் ஒரு கலெக்டரும். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாகப் போகும் அமைப்புக்குக் கடைசி எல்லையாகக் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தார். அந்த வேலையில் இருந்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் தெருப் பெயர்களாகத் தங்கிவிட்டார்கள். பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குத்தூணைச் சுற்றி இன்று துணிக்கடைகளும் ஜிகர்தண்டாவும். தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்தத் தூணை நிமிர்ந்து பார்க்க ஒருவருக்கும் நேரமிருக்காது, பார்க்க நினைத்தாலும் கூட்டம் நிற்க விடாது. அகழி தூர்ந்த மண்மேல்தான் கீழமாரட் வீதியின் வெங்காய மூட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன. ஒரு பெருநகரம் தன் கோட்டையை இடித்து வெங்காயத்துக்கு இடம் கொடுத்தது நல்ல முடிவு என்றே சொல்ல வேண்டும்.

கீழமாசி வீதியில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்தக் கடைக்கு முன்னால் இருக்கிறோம் என்று தெரியும். வத்தல் நெடி தும்மலாக வரும், அடுத்து மல்லி, அடுத்து புளி, கொஞ்ச தூரத்தில் கருப்பட்டி. கமிஷன் மண்டிகளும் மொத்தக் கடைகளும் நெருக்கியடித்த வீதி. முதலாளி மேடையில் இருக்க, கணக்குப்பிள்ளை சாய்வு மேசைக்குப் பின்னால். இப்போது மேசையில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் சில கடைகளில் மஞ்சள் தடவிய கணக்குப் புத்தகத்தைச் சித்திரை ஒன்றாம் தேதி பூஜையில் வைக்காமல் விடுவதில்லை. சில்லறைக்கு வருபவரை இங்கே விரட்ட மாட்டார்கள், மதிக்கவும் மாட்டார்கள். கால் கிலோ சீரகம் கேட்டால் பையன் கொடுப்பான், முதலாளி நிமிர மாட்டார்.

இந்த வீதிக்கு நேர் எதிரான குணம் யானைக்கல் பக்கம். வைகைக் கரையில் வாழைத்தார்கள் வந்து இறங்கும் இடம். நாட்டுப் பழம், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, பச்சை. இவற்றுக்கெல்லாம் மேலே சிறுமலைப் பழம். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே நிற்கும் மலையிலிருந்து வருவது. தோல் கறுத்துச் சுருங்கிய பிறகுதான் அதற்கு ருசி. தெரியாதவர்கள் அழுகிவிட்டது என்று ஒதுக்குவார்கள், தெரிந்தவர்கள் அதைத்தான் பொறுக்குவார்கள். சோழவந்தான் வெற்றிலையும் அப்படித்தான், ஊர்ப்பெயர் சொல்லித்தான் கேட்பார்கள். வைகையோரத்துக் கொடிக்கால்களில் விளையும் மெல்லிய இலை; 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 1895இல் திறந்த பெரியாறு அணையின் தண்ணீர் வைகைக்குத் திரும்பியிராவிட்டால் இந்தச் சமவெளியின் கடைப்பலகைகள் பாதி காலியாகத்தான் இருந்திருக்கும். மேற்கில் பெய்த மழை கிழக்கே வெற்றிலையாகவும் நெல்லாகவும் வந்து கூறுகட்டி உட்கார்ந்திருக்கிறது.

பூ மார்க்கெட்டுக்குத் தனியாகக் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மல்லிகை சாயங்காலம் விரியும். அதற்குமுன் அது செடியிலிருந்து கட்டுபவர் விரலுக்கும், அங்கிருந்து வாங்குபவர் கூந்தலுக்கும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். எனவே உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பெண்கள் மொட்டுப் பறிக்க இறங்குகிறார்கள். ஈரத்துணி போர்த்திய பைகள் முதல் பஸ்ஸிலும் டூவீலரிலும் மாட்டுத்தாவணிக்கு வருகின்றன. அங்கே எடைக்குப் போட்டதும் தொடங்குவது ஏலம்போலத் தெரியும், முழுக்க ஏலமும் இல்லை. வரத்து எவ்வளவு, நாளைக்கு முகூர்த்தமா, வெளியூர் ஆர்டர் என்ன என்பதெல்லாம் சேர்ந்து விலை மணிக்கு மணி ஏறும், இறங்கும். வெயில் காலத்தில் கிலோ சில நூறு ரூபாய்க்குக் கேட்க ஆளில்லாமல் சென்ட் கம்பெனிக்கு மூட்டையாகப் போகும் அதே மொட்டு, மார்கழிப் பனியில் செடி ஒடுங்கி வரத்துக் குறைந்ததும் 3,000 ரூபாயைத் தாண்டிப் போகும். தை பிறந்து கல்யாணங்கள் வரிசை கட்டினால் அதற்கும் மேலே. விலை ஏறும்போது விவசாயியிடம் பூ இருக்காது, பூ இருக்கும்போது விலை இருக்காது. இதில் கடைக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் வேறு கடைக்குக் கொண்டுபோகவும் முடியாது.

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த இதழ், நாள் கடந்தும் வாடாத மொட்டு, மணம் என்று தகுதிகள் எழுதப்பட்டன. நாற்று ராமேஸ்வரம் தீவிலிருக்கும் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது என்பது பூ சூடுபவர்களில் பலருக்குத் தெரியாது. கடல் மணலில் வேர்விட்ட குச்சி மதுரைச் செம்மண்ணுக்கு வந்துதான் மதுரை மல்லி ஆகிறது. மார்க்கெட்டிலிருந்து மொட்டு தெருவுக்கு வரும்போது கிலோ கணக்கு மறைந்து முழக் கணக்கு வந்துவிடும். "முழம் எவ்வளவுக்கா?" என்று கேட்டு வாங்குபவர், அளப்பது பூக்காரம்மாவின் கை என்பதை ஒத்துக்கொண்டுதான் கேட்கிறார். கொஞ்சம் வாய் பேசினால் கடைசியில் ஒரு விரல்கடை நீட்டிக் கிள்ளிக் கொடுப்பார். கறிவேப்பிலையும் மல்லித்தழையும் காய்கறியோடு கொசுறாக வருவதுபோல இதுவும் ஒரு பாத்தியதை. சூப்பர் மார்க்கெட்டில் கறிவேப்பிலைக்குப் பில் போட்டபோது மதுரைப் பெண்களுக்கு வந்த கோபம் பணத்தைப் பற்றியதல்ல.

அந்தப் பூ மார்க்கெட்டும் காய்கறி மார்க்கெட்டும் இப்போதிருக்கும் இடத்தில் முன்பு இல்லை. கோயிலுக்குப் பக்கத்திலேயே, வடக்கு ஆவணி மூல வீதியில்தான் சென்ட்ரல் மார்க்கெட் இருந்தது. சாமி கும்பிட்டுவிட்டுக் காய் வாங்கிக்கொண்டு போவது மதுரை வீடுகளின் நடைமுறை. லாரி நெருக்கடி, குப்பை, இடமின்மை என்று காரணங்கள் சேர்ந்து, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது மாட்டுத்தாவணிக்குப் போனது. காரணங்கள் பொய்யல்ல. அந்த வீதியில் விடிகாலையில் ஒரு லாரி திரும்புவதைப் பார்த்தவர்கள் இடமாற்றத்தை எதிர்க்க மாட்டார்கள். காலியான இடத்தில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தம் எழுந்தது. முன்பு கத்தரிக்காய் இறங்கிய இடத்தில் இப்போது பக்தர்களின் கார்கள் ஏறி இறங்குகின்றன.

இடம்பெயர்ந்தது காய்கறி மட்டுமல்ல. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்து, அங்கிருந்த கடைகள் எரிந்தன. கோயிலுக்குள் காலகாலமாக இருந்த கடைகள் வெளியேற வேண்டியதாயிற்று. திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய புதுமண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின் ஓட்டியவர்களும், கரகாட்டச் சலங்கையும் பஞ்சாங்கமும் பொம்மைச் சொப்பும் விற்றவர்களும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டார்கள். தூண்கள் மூச்சு விடுகின்றன, சிற்பங்கள் தெரிகின்றன. வேண்டியதுதான். ஆனால் அழகர் வேஷம் கட்ட உடுப்புத் தைக்கப் புதுமண்டபத்துக்குப் போன ஒரு கிராமத்தார் இப்போது வழி கேட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது.

இதில் மதுரை தனியாக இல்லை. சென்னையில் கொத்தவால் சாவடி 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. திருச்சி காந்தி மார்க்கெட்டைக் கள்ளிக்குடிக்கு மாற்றக் கட்டடமே கட்டியும் வியாபாரிகள் நகர மறுத்தார்கள். வியாபாரிகளின் பிடிவாதத்தை லாபக் கணக்கு என்று மட்டும் ஒதுக்கிவிடுவது அதிகாரிகளின் வழக்கம். மண்டி என்பது நாலு சுவர் இல்லை என்று வியாபாரிகளுக்குத் தெரியும். டீக்கடை, சாக்குக்கடை, லாரி புக்கிங், கைமாற்றுக் கொடுப்பவர், மூட்டைக்காரர் குடியிருக்கும் சந்து, எல்லாம் சேர்ந்ததுதான் மண்டி. அதில் ஒன்றை மட்டும் பெயர்த்துக்கொண்டு போனால் மற்றவை பின்னாலேயே நடந்து வராது.

நகர்ந்ததிலும் ஒரு நல்ல கிளை உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை 1999 நவம்பர் 14 அன்று மு. கருணாநிதி திறந்தது மதுரை அண்ணா நகரில்தான். விவசாயிக்கு அடையாள அட்டை, எடை போடத் தராசு, தரகு இல்லை. விலை மொத்த விலைக்குச் சற்று மேலும் சில்லறை விலைக்குக் கீழும் இருக்கும்படி தினமும் பலகையில் எழுதிவைப்பார்கள். பேரம் பேசியே பழகிய ஊரில் பலகை விலை முதலில் ருசிக்கவில்லை. இப்போது அண்ணா நகரிலும் பழங்காநத்தத்திலும் காலை ஏழு மணிக்குக் கைப்பையோடு வரும் ரிட்டயர்டு ஆசாமிகள் அதை ஒரு நடைப்பயிற்சியாகவே ஆக்கிக்கொண்டார்கள். பாகற்காய் போட்டவரிடமே அதன் கசப்பைப் பற்றி முறையிட முடிகிற வசதி வேறெந்தக் கடையிலும் இல்லை.

இனி சாப்பாடு.

சந்தையில் கழிவதைக் கொண்டு சமைப்பதுதான் மதுரைக் கைப்பக்குவம். திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் பருத்தி. நகரத்துக்குள் 1892இல் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மில். பஞ்சை மில் எடுத்துக்கொண்டது, கொட்டையில் பெரும்பகுதி மாட்டுக்குப் போனது, மிச்சத்தை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் தேங்காயும் போட்டுக் காய்ச்சினால் பருத்திப்பால். வேலை முடித்து நெஞ்சு உலர்ந்து வருபவருக்கு ஒரு டம்ளர் போதும், ராச்சாப்பாட்டைத் தள்ளிப்போடலாம். ஆட்டுக்கறியிலும் அதே கதைதான். வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தையில் கைமாறிய ஆட்டின் தொடைக்கறி காசுள்ள வீடுகளுக்குப் போனது. குடல், ரத்தம், ஈரல், சுவரொட்டி, தலை, கால் எல்லாம் தள்ளுவண்டிக்கு வந்தன. தோசைக்கல்லில் வெங்காயமும் மிளகும் சேர்த்துப் புரட்டிய அந்த ரத்தப் பொரியலையும் குடல் குழம்பையும்தான் இன்று ஏசி ஓட்டல்கள் 'மதுரை ஸ்பெஷல்' என்று பெரிய எழுத்தில் போடுகின்றன.

அயிரை மட்டும் எதிர்த்திசையில் போனது. கண்மாய் வற்றும்போது துண்டை விரித்து அள்ளிய விரல் நீளம்கூட இல்லாத மீன், இன்றைக்குக் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. உயிரோடு தண்ணீரில் விட்டு விற்கிறார்கள். செத்த அயிரையை மதுரைக்காரர் வாங்க மாட்டார். வீட்டில் பாலிலோ உப்புத் தண்ணீரிலோ விட்டால் வயிற்று மண்ணைக் கக்கும். உரலில் உப்புப் போட்டு உரசிக் கழுவி, புளிக்குழம்பில் முழுசாகப் போட வேண்டும். கண்மாய்கள் பஸ் நிலையங்களும் குடியிருப்புகளுமாக மாறிய ஊரில் அயிரை விலை ஏறியதில் ஆச்சரியம் இல்லை. குழம்பின் விலையில் கண்மாயின் விலையும் சேர்ந்திருக்கிறது.

நேரத்தை வைத்துப் பார்த்தால் தட்டு தெளிவாகப் பிரியும். லாரியிலிருந்து மூட்டை இறங்கும் நள்ளிரவு தாண்டிய வேளைக்கு இட்லி. சீக்கிரம் வேகும், சீக்கிரம் செரிக்கும், மூட்டையைத் தூக்கிக் குனியும்போது வயிற்றில் கிடந்து உருளாது. தொட்டுக்கொள்ள நாலைந்து சட்னி, ஏனென்றால் இட்லி மலிவு, சட்னிக்குத் தனிக் காசு இல்லை, வயிறு நிறைய வேண்டும். விடிந்ததும் டீ, கம்மங்கூழ். பகலில் மண்டிக் கணக்குப்பிள்ளைகளுக்கும் கேஸுக்கு வந்த கிராமத்தாருக்கும் மெஸ் சாப்பாடு. நாலு மணிக்குக் கோயில் பக்கத்து வீதிகளில் வெள்ளையப்பமும் காரச்சட்னியும், தெற்கு மாசி வீதிப் பக்கம் முள்முருங்கை இலை அரைத்துச் சுட்ட பச்சை வடை. இருட்டியதும் கல் சூடாகும்: புரோட்டா, வீச்சு, கறிதோசை. சிம்மக்கல்லும் நெல்பேட்டையும் அப்போதுதான் விழிக்கும். கொத்து போடும் கரண்டியின் தாளத்தை வைத்தே இது நம்ம கடை மாஸ்டர் இல்லையே என்று கண்டுபிடிக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு.

மொத்த வியாபாரம் ஊரின் நடுவிலிருந்து போன பிறகு இந்தத் தட்டு வரிசையில் முதலில் ஆட்டம் கண்டது நள்ளிரவு இட்லி. யாருக்காக அது அவிக்கப்பட்டதோ அவர் இப்போது மாட்டுத்தாவணியிலும் பரவையிலும் மூட்டை இறக்குகிறார். மில்களின் ஷிப்டுச் சங்கும் பழையபடி ஊரை எழுப்புவதில்லை. கடைகள் மட்டும் பழைய இடத்தில் இருக்கின்றன. அவற்றுக்குப் புது வாடிக்கையாளர் கிடைத்திருக்கிறார்: ரயிலில் வந்து, லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, செல்போனில் வீடியோவைப் பார்த்து வழி கண்டுபிடித்து வருபவர். அவர் மூட்டை தூக்கவில்லை. ஆனாலும் பசியோடுதான் வருகிறார், குறை சொல்ல ஒன்றுமில்லை. விலை மட்டும் அவருக்குத் தகுந்தாற்போல் ஏறுகிறது. ஜிகர்தண்டாவில் பாதாம் பிசினும் நன்னாரியும் வற்றக் காய்ச்சிய பாலும் போய் மேலே ஐஸ்கிரீம் கோபுரம் எழுகிறது. சான் மிகேல் சந்தையில் நடந்தது இதுதான். அங்கே முதலீட்டாளர்கள் திட்டம் போட்டுச் செய்ததை இங்கே லாரிகள் திசை மாறியே செய்துவிட்டன.

மாட்டுத்தாவணியில் வேறொரு வரிசை முளைத்திருக்கிறது. சித்திரைத் திருவிழாவை ஒட்டி மாடுகள் வந்து நின்ற மைதானம் அது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிய தரகர்களின் இடத்தில் இப்போது தக்காளிப் பெட்டிகளும் பஸ் நிலையமும். பெட்டி இறங்கும் நேரத்தில் டிரைவர்களும் லோடுமேன்களும் பூக்காரர்களும் நின்றபடியே சாப்பிடும் வண்டிகள் அங்கே வந்துவிட்டன. சட்னி இரண்டுதான். "இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா" என்றால் ஊற்றுவார்கள். பெயர்ப்பலகை கிடையாது, பரம்பரைக் கதை கிடையாது. பழைய சிம்மக்கல் எப்படித் தொடங்கியிருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர் சிம்மக்கல்லுக்குப் போவதைவிட இங்கே வருவது மேல்.

இந்த வண்டிகளுக்குச் சட்டத்தின் முன்னால் என்ன இடம் என்பது இன்னும் தீராத விஷயம். இரவில் எத்தனை மணிக்குக் கடையை எடுக்க வேண்டும் என்ற தகராறு மதுரையில் புதிதல்ல. 2019இல் தமிழக அரசு கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசாணை போட்டபோது, தூங்கா நகரத்துக்கு அரசே முத்திரை குத்திவிட்டதாகப் பலரும் பேசிக்கொண்டார்கள். ஆணையில் ஒரு நிபந்தனை இருந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் அந்த அனுமதி. துணிக்கடலுக்குப் பொருந்தும், மால்களுக்குப் பொருந்தும். இட்லி வண்டியில் அவிப்பது அக்கா, பரிமாறுவது அவர் வீட்டுக்காரர், தட்டுக் கழுவுவது கொழுந்தன். அரசாணைக் கணக்குக்கு இன்னும் ஏழு பேர் வேண்டும்.